கல்லறைத் தோட்டத்துப் புனிதர் சுரூபங்கள்: நடுகல் மரபின் தொடர்ச்சியா?

முன்னுரை

தமிழகக் கத்தோலிக்கப் பங்குகளின் கல்லறைத் தோட்டங்களில் சிலுவைக்கு அடுத்த நிலையில் சிறப்பிடம் பெறுவன புனிதர்களின் சுரூபங்களாகும். திருவுருவச் சிலையைச் சுரூபம் என வழங்குவது கத்தோலிக்கர் மரபு. மகனின் உயிரற்ற உடலை மடியில் தாங்கிய வியாகுல மாதா, லீலி மலர்க்கொம்பு ஏந்திய சூசையப்பர், வாளும் துலாக்கோலும் கொண்ட மிக்கேல் அதிதூதர், குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய அந்தோனியார் ஆகியோரின் உருவங்கள் இவ்விடங்களில் பரவலாக இடம்பெறுகின்றன. நவம்பர் 2ஆம் நாள் கொண்டாடப்பெறும் கல்லறைத் திருநாளில் உறவினர்கள் கல்லறைகளைத் தூய்மை செய்து, மலர் தூவி, மெழுகுதிரி ஏற்றி, குருவானவர் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும்போது உடனிருந்து மன்றாடுகின்றனர்.

கல், மலர், ஒளி, மணப்புகை, இறந்தோர் நினைவு ஆகிய கூறுகள் ஓரிடத்தில் ஒன்றுகூடுவதைக் காணும் ஆய்வாளர்க்குச் சங்க இலக்கியம் காட்டும் நடுகல் வழிபாடு நினைவுக்கு வருவது இயல்பே. கல்லறைத் தோட்டத்துச் சுரூபம் நடுகல் மரபின் கிறித்தவத் தொடர்ச்சி என்னும் கருத்து இவ்வாறே உருப்பெறுகின்றது. இக்கருத்து எந்த அளவிற்குப் பொருந்தும், எவ்விடத்தில் பொருந்தாது போகின்றது என்பதைப் புறநானூறு, வீரமாமுனிவரின் படைப்புகள், திருச்சபை வரலாறு ஆகியவற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நடுகல்லும் நேர்முக வழிபாடும்

நடுகல் எடுத்தலின் படிநிலைகளைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என அறுவகையாகத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுத்துரைக்கின்றது. சிலப்பதிகார வஞ்சிக்காண்டம் இவ்வமைப்பைத் தழுவியே கண்ணகிக்குக் கல்லெடுத்த செய்தியைக் காதைகளாக விரித்துள்ளது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டறியப்பெற்ற தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள் உருவம் ஏதுமின்றி எழுத்தை மட்டுமே கொண்டுள்ளன. பிற்காலத்தனவாகிய செங்கம் நடுகற்களிலோ படைக்கலம் ஏந்திய வீரனின் உருவமும் இடம்பெற்றுள்ளது. எழுத்து மட்டும் அமைந்ததாயினும் உருவமும் சேர்ந்ததாயினும் அக்கல் குறிப்பது இறந்தவனையே என்பது இவண் நோக்கத்தக்கது.

வழிபடுவோர்க்கும் கல்லுக்கும் இடையிலான உறவைப் புறநானூறு தெளிவாகக் காட்டுகின்றது. அள்ளூர் நன்முல்லையார் பாடிய 306ஆம் பாடலில் மறக்குடிப் பெண்ணொருத்தி நாள்தோறும் நடுகல்லைத் தொழுது, தனக்கு விருந்தினர் வாய்க்க வேண்டும் எனவும் கணவனுக்குப் போர்வாய்ப்பு அமைய வேண்டும் எனவும் வேண்டுகின்றாள். மாங்குடி கிழார் பாடிய 335ஆம் பாடல், களிற்றை எதிர்த்துப் பொருது வீழ்ந்தோர்க்கு நட்ட கல்லையன்றித் தொழத்தக்க கடவுள் வேறில்லை என்னும் அளவிற்கு இவ்வழிபாட்டை உயர்த்துகின்றது. கோப்பெருஞ்சோழனைப் பற்றிய 223ஆம் பாடலில், கல்லாகிய பின்னரும் அவன் தம் நட்புக்கு இடமளித்ததைப் பொத்தியார் போற்றுகின்றார்.

இம்மூன்று பாடல்களிலும் உறவின் திசை ஒன்றே. இறந்தவன் ஆற்றல் பெற்றவனாகின்றான். வாழ்வோர் அவனிடம் பெறுகின்றனர். வேண்டுவோர், வேண்டப்படுவோர் என இரு தரப்பினரே இவ்வுறவில் உளர். இறந்தவனுக்காக வாழ்வோர் பிறரிடம் வேண்டும் நிலைக்கு இங்கு இடமில்லை. படையலும் வாழ்த்தும் அவனை நோக்கியே செல்கின்றன. அதியமானின் நடுகல்லுக்குப் பீலி சூட்டிக் கள் படைப்பதைக் கண்ட ஔவையார், நாடு கொடுத்தாலும் ஏற்காத அவன் இச்சிறு கலத்துக் கள்ளை ஏற்பானோ என ஐயுறும் 232ஆம் பாடலும் இந்த நேர்முக உறவைக் கொண்டே தன் துயரத்தைப் புலப்படுத்துகின்றது.

ஒப்புமையின் எல்லை

கத்தோலிக்கக் கல்லறையில் இறந்தவரின் பெயர் கல்லறைப் பலகையில் பொறிக்கப்படுகின்றது. உருவமோ வேறொருவருடையது. நடுகல்லில் ஒன்றாயிருந்த பெயரும் உருவமும் இங்குப் பிரிந்து நிற்கின்றன. அங்கு அடக்கம் செய்யப்பெற்ற உழவரோ மீனவரோ ஆசிரியரோ சுரூபமாக நிற்பதில்லை. அவர் பொருட்டு ஒரு புனிதர் நிற்கின்றார். இவ்வேறுபாட்டைப் புறவடிவின் சிறு மாற்றமாகக் கருதி ஒதுக்கிவிட இயலாது.

தமிழகச் சீர்திருத்தத் திருச்சபையாரின் கல்லறைகளோடு ஒப்பிடும்போது இது மேலும் விளக்கமுறும். 1706ஆம் ஆண்டு சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கியதிலிருந்து வளர்ந்த லுத்தரன் திருச்சபையைச் சார்ந்தோரும் நடுகல் மரபு நிலவிய அதே மண்ணின் மக்களே. எனினும் அவர்தம் கல்லறைகளில் புனிதர் சுரூபங்கள் இடம்பெறுவதில்லை. நடுகல் நினைவு ஒன்றே சுரூபத்தைத் தோற்றுவித்திருக்குமாயின் இரு சபையாரிடத்தும் அது தோன்றியிருத்தல் வேண்டும். மாறாக, 1798ஆம் ஆண்டு மறைந்த சுவார்ட்சு ஐயரின் நினைவாக இரண்டாம் சரபோசி மன்னர் தஞ்சைத் தேவாலயத்தில் அமைக்கச் செய்த பளிங்குச் சிற்பம், நோயுற்றுக் கிடக்கும் சுவார்ட்சையும் அவரைக் காணவந்த மன்னரையுமே காட்டுகின்றது. ஆங்கிலச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் வடித்த அச்சிற்பத்தில் நினைவுகூரப்படுபவரே உருவமாகவும் அமைகின்றார். சிற்பமரபு ஐரோப்பியமே எனினும், இறந்தவரையே கல்லில் காட்டும் முறையில் அது கத்தோலிக்கச் சுரூபத்தைக் காட்டிலும் நடுகல்லுக்கு நெருக்கமானது.

புனே முதலிய மராட்டியப் பகுதிகளையும் கன்னட நாட்டையும் உள்ளடக்கிய தக்காணத்தின் வீரக்கற்களும் இவ்வகையில் ஒப்புநோக்கத்தக்கன. அவற்றுள் பல அடுக்குகளாகச் செதுக்கப்பெற்றவை. கீழடுக்கில் வீரன் போரிட்டு மடிகின்றான்; இடையடுக்கில் விண்ணுலக மகளிர் அவனை மேலே அழைத்துச் செல்கின்றனர்; மேலடுக்கில் அவன் சிவலிங்கத்தின் முன் அமர்ந்து வழிபடுகின்றான். வழிபடப்படுவோனாகிய வீரன் இங்கு வழிபடுவோனாகவும் ஆகின்றான். அவனுக்கு மேலான ஒரு பொருள் கல்லிலேயே இடம்பெற்றுவிடுகின்றது. இருவர் உறவு மூவர் உறவாக விரியத் தொடங்கும் நிலையை இக்கற்கள் காட்டுகின்றன எனலாம். எனினும் இங்கும் வீரன் தன் வீரத்தாலேயே மேலுலகம் எய்துகின்றான். அவன் பொருட்டு எவரும் பரிந்துரைக்கவில்லை.

மூவர் உறவு

கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் மூவர் உளர். மன்றாடும் உறவினர், மன்றாட்டுக்குரிய இறந்தவர், இருவர்க்கும் இடையே நின்று இறைவனிடம் பரிந்து பேசும் புனிதர் என அவர்களைக் குறிக்கலாம். இவ்வுறவின் கோட்பாட்டு அடிப்படை 1563ஆம் ஆண்டு திசம்பரில் நடைபெற்ற திரிதெந்து பொதுச்சங்கத்தின் 25ஆம் அமர்வில் உறுதிப்படுத்தப்பெற்றது. உத்தரிக்கிற ஸ்தலம், புனிதர்களின் பரிந்துரை, திருவுருவ வணக்கம் ஆகிய மூன்றும் அந்த ஒரே அமர்விலேயே வரையறுக்கப்பெற்றன என்பது குறிப்பிடத்தக்கது. உத்தரிக்கிற ஸ்தலத்திலுள்ள ஆன்மாக்களுக்கு வாழ்வோரின் மன்றாட்டு உதவும்; புனிதர்களைத் துணைக்கழைத்தல் நன்று; திருவுருவத்துக்குச் செய்யும் வணக்கம் அவ்வுருவம் குறிப்பவரையே சாரும் என்பன அவற்றின் சாரமாகும். திருவுருவம் பற்றிய இறுதிக் கருத்து 787ஆம் ஆண்டின் இரண்டாம் நிசேயா சங்கத்திலேயே நிலைபெற்றதாகும். இம்மூன்று போதனைகளும் ஒருசேரக் காட்சிப் பொருளாகும் இடம் கல்லறைத் தோட்டத்துச் சுரூபமே.

இவ்வமர்வு முடிந்த 23 ஆண்டுகளில், அதாவது 1586இல், அண்டிரிக் அடிகளாரின் ‘அடியார் வரலாறு’ தமிழில் அச்சேறியது. முத்துக்குளித்துறை மக்களிடையே பணியாற்றிய அவர், புனிதர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தமிழ் உரைநடையில் தொகுத்தளித்தார். கல்லில் நிற்பவர் யார், அவர் எவ்வாறு வாழ்ந்தார், எவ்வாறு இறந்தார் என்பதை மக்கள் அறிந்தாலன்றி அவரைப் பரிந்துரைப்பாளராகக் கொள்ள இயலாது. வீரனின் பெயரையும் பெருமையையும் நடுகல் தன்மீதே தாங்கி நின்றது. புனிதரின் பெருமையோ நூலிலும் மறையுரையிலும் நாடகத்திலும் வாழ்ந்தது. ஆகவே சுரூபத்தை நூலோடு சேர்த்தே பயிலுதல் வேண்டும். பின்னர் வீரமாமுனிவர் கித்தேரியம்மாளின் வரலாற்றை அம்மானையாகப் பாடியமையும் இத்தேவையை நிறைவு செய்த முயற்சியே.

வியாகுல மாதாவும் அன்னை அழுங்கல் அந்தாதியும்

கல்லறைத் தோட்டத்துச் சுரூபங்களுள் தமிழ் மனத்தோடு மிக நெருங்கியது வியாகுல மாதாவின் உருவமாகும். மகனை இழந்த தாயின் புலம்பல் தமிழ் ஒப்பாரியின் உயிர்நாடி. வீரமாமுனிவர் பாடிய ‘அன்னை அழுங்கல் அந்தாதி’ இப்புலம்பலையே பாடுபொருளாகக் கொண்டது. அழுங்கல் என்னும் சொல் துயருறுதலையும் அரற்றுதலையும் குறிக்கும். துயருக்குரிய இப்பொருளுக்கு அவர் அந்தாதி வடிவத்தைத் தேர்ந்தமை ஆராயத்தக்கது.

அந்தாதியில் ஒரு பாடலின் இறுதி அடுத்த பாடலின் தொடக்கமாகின்றது. இறுதிப் பாடலின் முடிவு முதற் பாடலின் தொடக்கத்தோடு சென்று சேர்ந்து மண்டலிக்கின்றது. தீராத துயரம் மீண்டும் மீண்டும் தொடக்கத்திற்கே திரும்புவதை இவ்வடிவம் உணர்த்தும். அதே வேளையில் முடிவு என ஒன்று இல்லை என்பதையும் அது உணர்த்தும். மகன் மாண்டான் என்னும் முடிவு உயிர்ப்பின் தொடக்கமாகும் எனக் கொள்ளும் நம்பிக்கைக்கு இதனினும் பொருத்தமான யாப்பமைதி தமிழில் அரிது. துயரின் சுழற்சியும் நம்பிக்கையின் தொடர்ச்சியும் ஒரே வடிவத்துள் அடங்குதல் இந்நூலின் சிறப்பாகும்.

புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்களோடு ஒப்பிடுகையில் இச்சிறப்பு மேலும் புலனாகும். அதியமானின் மறைவுக்கு இரங்கும் ஔவையாரின் 235ஆம் பாடல், புரவலனோடு பாடுவோர்க்கும் வாழ்வில்லாது போயிற்று எனத் தேம்புகின்றது. கையறுதல் என்னும் தொடரே செயலற்றுப் போதலைக் குறிப்பதாகும். இறந்தவர்க்குச் செய்யத்தக்கது இனி ஒன்றுமில்லை என்னும் உணர்வே அத்துறையின் ஆற்றல். கல்லறைத் தோட்டத்தில் வியாகுல மாதாவின் முன் நிற்கும் பெண் அவ்வாறு கையற்று நிற்பதில்லை. அவளும் அழுகின்றாள், ஆயினும் தன்னைப் போல் அழுத ஒருத்தியிடம் தன் மகனுக்காகப் பேசுமாறு கேட்கின்றாள். இறந்தவர்க்குச் செய்யத்தக்கது இன்னும் உண்டு என்பதே அச்சுரூபம் தரும் ஆறுதல். ஒப்பாரிக்குச் செவிசாய்க்கும் ஒருவர் கிடைத்துவிடுகின்றார்.

கோணாங்குப்பத்தில் பெரியநாயகி அன்னையின் திருவுருவைத் தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் நிறுவிய வீரமாமுனிவர், சொல்லிலும் அதே பணியைச் செய்தார் எனலாம். அயல்நாட்டுத் தாயைச் சேலையுடுத்திய தாயாக்கியது அத்திருவுரு; அவளது அழுகையைத் தமிழ் அழுகையாக்கியது அந்தாதி.

சூசையப்பரும் தேம்பாவணியும்

சூசையப்பர் நன்மரணத்தின் பாதுகாவலராகப் போற்றப்பெறுபவர். 1870ஆம் ஆண்டு ஒன்பதாம் பயஸ் திருத்தந்தை அவரை அனைத்துலகத் திருச்சபையின் பாதுகாவலராக அறிவித்தார். இவ்வறிவிப்பிற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முன்னரே, 1726இல், வீரமாமுனிவர் அவரைக் காப்பியத் தலைவராக்கித் தேம்பாவணி பாடினார். 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட இக்காப்பியத்தில் சூசை என்னும் பெயர் வளன் எனத் தமிழாக்கம் பெற்றுள்ளது.

தமிழ்க் காப்பிய மரபில் தலைவன் பெரும்பாலும் அரசனோ வணிகனோ போர்வீரனோ ஆவான். தச்சுத் தொழிலாளி ஒருவரைத் தன்னேரிலாத் தலைவராக்கியது தேம்பாவணி. அவர் களத்தில் வீழவில்லை. நோயுற்று, மனைவியும் மகனும் அருகிருக்க, இல்லத்திலேயே உயிர்நீத்தார். களத்தில் விழுப்புண் பட்டு மடிதலைச் சிறந்த சாவாகப் போற்றிய புறத்திணை மரபின் முன், நோயில் இறந்த தொழிலாளியின் சாவைக் காப்பியத்தின் பேறாகப் பாடியது பெரும் மாற்றமாகும். காப்பியம் அவரது இறப்போடு முடியாமல் விண்ணக முடிசூட்டில் நிறைவுறுவதும் கருதத்தக்கது.

போரில் மடியாத மகனையும் வாளால் கீறிப் புதைத்த வழக்கம் சங்கப் பாடல்களில் பேசப்படுகின்றது. வீரச்சாவு எய்தாதோர்க்குக் கல் இல்லை என்பதே அதன் மறுபக்கம். கல்லறைத் தோட்டத்தில் உறங்குவோருள் மிகப் பெரும்பாலோர் நோயிலும் முதுமையிலும் இறந்தோரே. அவர்தம் சாவுக்கும் மதிப்புண்டு என்பதைச் சூசையப்பர் சுரூபம் சொல்லாமல் சொல்லுகின்றது. நடுகல் தேர்ந்தெடுத்த சிலர்க்கு உரியது. இச்சுரூபம் எல்லார்க்கும் உரியது.

இரு மரபும் சந்திக்குமிடம்

இவ்வேறுபாடு எங்கும் முற்றிலும் பொருந்துவதன்று. மறைசாட்சிகளின் கல்லறைகளில் நடுகல் மரபும் புனிதர் மரபும் சந்திக்கின்றன. மறைசாட்சிக்காக மன்றாடுதல் அவர்க்கு இழுக்காகும், அவர்தம் மன்றாட்டையே நாம் நாட வேண்டும் எனப் புனித அகுஸ்தீன் போதித்தார். கொல்லப்பட்டவர் ஆற்றல் பெறுதலும், வாழ்வோர் அவரை நேரே வேண்டுதலும் இங்கு மீண்டும் வந்துவிடுகின்றன.

அருளானந்தர் எனத் தமிழர் அழைத்த ஜான் தெ பிரித்தோ 1693ஆம் ஆண்டு பெப்ருவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலைவெட்டிக் கொல்லப்பட்டார். 1947இல் புனிதராக உயர்த்தப்பெற்றார். அவர் குருதி சிந்தியதாகக் கருதப்படும் செம்மண்ணை மக்கள் இன்றும் புனிதப் பொருளாக எடுத்துச் செல்கின்றனர். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன் 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். இப்பெயர் இலாசர் என்னும் விவிலியப் பெயரின் தமிழாக்கம். 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழி அருகே சுட்டுக் கொல்லப்பட்ட அவரது உடல் கோட்டாற்றுச் சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றது. 2012இல் அருளாளராகவும் 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் புனிதராகவும் உயர்த்தப்பெற்றார். விலங்கு பூட்டப்பெற்று முழந்தாளிட்டு மன்றாடும் நிலையிலேயே அவரது சுரூபங்கள் பெரிதும் அமைகின்றன. செங்கத்து வீரன் படைக்கலத்தோடு நிற்கின்றான். இவர் கட்டுண்ட கையோடு முழந்தாளிடுகின்றார். கொல்லப்பட்டோனைக் கல்லில் நிறுத்தும் மரபு ஒன்றே எனினும், வீரம் என்பதன் பொருள் மாறியிருப்பதை இவ்விரு உருவங்களும் காட்டுகின்றன.

தென்னிந்தியப் புனிதர் வழிபாட்டை அம்மன் வழிபாட்டோடும் போர்த்தெய்வ வழிபாட்டோடும் இணைத்து நோக்கிய சூசன் பெய்லியின் 1989ஆம் ஆண்டு ஆய்வுநூல் இத்தகைய இடங்களுக்குப் பெரிதும் துணைசெய்யும். ஆயின் மறைசாட்சியின் கல்லறைக்குப் பொருந்துவதைப் பங்குக் கல்லறைத் தோட்டம் முழுமைக்கும் விரித்தல் பொருந்தாது. முன்னதில் அடக்கமானவரே புனிதர். பின்னதில் அடக்கமானவர்க்காகப் புனிதர்.

சுவரும் சுரூபமும்

நடுகல் தொடர்ச்சிக் கருத்தை முழுமையாக ஏற்பதால் விளையும் இழப்பு ஒன்று உண்டு. சுரூபத்தைப் பண்டை மரபின் எச்சமாக மட்டும் கண்டால், அது இன்று எழுப்பும் அறக்கேள்வி மறைந்துபோகும். எல்லா ஆன்மாக்களுக்கும் பொதுவில் பரிந்து பேசுபவராகப் புனிதர் நிற்கும் தோட்டத்திலேயே, இறந்தோரைச் சாதியால் பிரித்த வரலாறு தமிழகத் திருச்சபைக்கு உண்டு. திருச்சிராப்பள்ளி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவரின் பகுதியைப் பிரித்து நின்ற சுவர் நெடுங்காலமாகப் போராட்டங்களுக்கும் விவாதத்திற்கும் காரணமாயிற்று. தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளத்திலும் ஆலயத்தினுள் சாதிவாரியாக மக்களைப் பிரித்த தடுப்புச் சுவர் இருந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகற்றப்பெற்றது. பழைய இராமநாதபுர மாவட்டச் சிற்றூர் ஒன்றை மையமாகக் கொண்டு டேவிட் மாசு 2012இல் வெளியிட்ட நூல், புனிதர் வழிபாடும் சாதிப் படிநிலையும் எவ்வாறு பின்னிக் கிடந்தன என்பதை விரிவாக ஆராய்கின்றது.

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016ஆம் ஆண்டு திசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டு அதனைப் பாவமெனக் கண்டித்தது. தேவசகாயத்தின் புனிதர் பட்டமளிப்பில் அவர் பெயரோடு வழங்கிவந்த சாதிப் பெயர் நீக்கப்பெற்றதும் இவ்வகையில் பொருளுடையது.

நடுகல் மரபு தேர்ந்த சிலரைப் பிறரினின்று பிரித்து உயர்த்துவது. அதன் தொடர்ச்சி என்னும் விளக்கம், பிரிவினைச் சுவரையும் மரபின் இயல்பாகவே கருதிவிட இடந்தரும். மூவர் உறவு என்னும் விளக்கத்திலோ சுவர் சுரூபத்திற்கே முரணாகின்றது. சுவரின் இருபுறத்தாரும் அதே வியாகுல மாதாவிடம், அதே சூசையப்பரிடம், ஒரே இறைவனை நோக்கி மன்றாடுகின்றனர். இருபுறத்து இறந்தோர்க்கும் தேவைப்படுவது ஒரே பரிவே. தன் முன் எழுந்த சுவரைச் சுரூபமே மறுத்து நிற்கின்றது என்று கூறுதல் மிகையாகாது.

முடிவுரை

கல்லறைத் தோட்டத்துப் புனிதர் சுரூபம் வழிபாட்டுப் பொருள்களிலும் கல்லின் மீதான பற்றிலும் நடுகல் மரபோடு உறவுடையது. உறவின் திசையில் அதனினின்று வேறுபட்டது. நடுகல் இறந்தவனை வேண்டுகின்றது. சுரூபம் இறந்தவர்க்காக வேண்டுகின்றது. மறைசாட்சிகளின் கல்லறைகளில் மட்டும் இவ்விரண்டும் ஒன்றுகூடுகின்றன. அன்னை அழுங்கல் அந்தாதியும் தேம்பாவணியும் இவ்வேறுபாட்டைத் தமிழ் இலக்கிய வடிவங்களின் வழியே வெளிப்படுத்தியுள்ளன. கையறுநிலைக்கு மாற்றாக மன்றாட்டையும், களச்சாவுக்கு மாற்றாக எளியோரின் நன்மரணத்தையும் அவை தமிழ்க் கவிதைக்குள் கொணர்ந்தன.

இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கர் கல்லறைத் தோட்டத்தைச் சேமக்காலை என வழங்குவர். பாதுகாத்தலைக் குறிக்கும் சேமம் என்னும் சொல் அப்பெயருள் ஒலிக்கின்றது. பாதுகாவலராகப் புனிதர் ஒருவர் நின்றிருக்கும் இடத்திற்கு அப்பெயர் பொருத்தமானதே. அங்கு வைக்கப்பெற்ற எவரும் அப்பாதுகாப்பிற்குப் புறம்பானவர் அல்லர் என்பதைத் தமிழகக் கல்லறைத் தோட்டங்கள் அனைத்தும் நடைமுறையிலும் மெய்ப்பிக்கும்போதே அங்குள்ள சுரூபங்களின் பொருள் நிறைவெய்தும்.